எடுபடாத பங்கு

அப்பா இறந்து மூன்று வருடங்கள் ஆன அன்று அண்ணன் வீட்டில் குடும்பமாகக் கூடி ஜெபித்தோம். வேதம் வாசிக்கும் பொறுப்பு எனக்கு. அப்பாவுக்குப் பிடித்த சங்கீதம் என்று சொல்லி அக்கா 73ஆம் சங்கீதத்தை எடுத்துக் கொடுத்திருந்தாள். முதல் இருபத்தைந்து வசனங்களைத் தடங்கல் இல்லாமல் வாசித்துவிட்டேன். இருபத்தாறாவது வசனம்: "என் மாம்சமும் என் இருதயமும் மாண்டுபோகிறது, தேவன் என்றென்றைக்கும் என் இருதயத்தின் கன்மலையும் என் பங்குமாயிருக்கிறார்." அதில் 'பங்கு' என்ற சொல் வந்த இடத்தில் என் குரல் நின்றுவிட்டது. அப்பாவின் நினைவில் தொண்டை அடைத்துக்கொண்டதாக எல்லோரும் நினைத்தார்கள். அக்கா எழுந்து போய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். எனக்கு மட்டும்தான் உண்மை தெரியும். எதிரில் உட்கார்ந்திருந்த அண்ணனுக்கும் தெரிந்திருக்கலாம். அவர் தலையைத் தூக்கவே இல்லை.

அந்த மூன்று வருடங்களில் எங்கள் குடும்பத்தில் 'பங்கு' என்ற சொல்லுக்கு ஒரே ஒரு பொருள்தான் இருந்தது. அப்பாவின் வீடும் மனையும் இரண்டாகப் பிரிந்து, தெருவைப் பார்த்த முன்பகுதி அண்ணனுக்கும் பின்பகுதி எனக்கும் வந்தன. கடைசிக் காலத்தில் அப்பாவை வைத்துப் பார்த்துக்கொண்டவர் அண்ணன். வீட்டின்மேல் இருந்த கடனை அடைத்தவரும் அவர்தான். அதனால் முன்பகுதி தனக்கு என்றார். அளவில் இரண்டும் சமம், மதிப்பில் சமமில்லை. அது நியாயமா இல்லையா என்று இன்றைக்கும் என்னால் அறுதியாகச் சொல்ல முடியவில்லை. ஆனால் அன்று எனக்கு எந்தச் சந்தேகமும் இருக்கவில்லை. நான் ஏமாற்றப்பட்டேன் என்று முடிவு செய்துவிட்டேன். அண்ணன் வீட்டுக்குப் போகும்போதெல்லாம் நடுச்சுவரின் இந்த மூலையிலிருந்து அந்த மூலைவரை என் கண் அளந்துகொண்டே இருக்கும். திரும்பி வந்ததும் என் மனைவி கேட்பாள்: "இன்னைக்கும் அளந்துட்டு வந்தீங்களா?"

இதைப் பேராசை என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட எனக்கு மனம் வரவில்லை. அடியில் இருந்தது பயம். என் வேலை நிரந்தரமானதல்ல. நோய் வந்தால், வேலை போனால், பிள்ளைகளின் படிப்பு நின்றால் என்று இரவில் ஒன்றன்பின் ஒன்றாகக் கேள்விகள் வரும். அத்தனைக்கும் என்னிடம் இருந்த ஒரே பதில் அந்த மனை. அது எவ்வளவு பெரிதோ அவ்வளவு தூரம் நான் பத்திரமாக இருக்கிறேன். அதில் குறைந்தது எதுவோ அது என் பாதுகாப்பிலேயே குறைந்தது. இப்படி ஒரு கணக்கு. ஞாயிற்றுக்கிழமை ஆலயத்தில் "கர்த்தர் என் மேய்ப்பராயிருக்கிறார், நான் தாழ்ச்சியடையேன்" என்று நிஜமான பக்தியோடுதான் சொல்வேன். வீட்டுக்கு வந்தால் தாழ்ச்சியடைந்தவனாகவே படுப்பேன். இரண்டும் ஒரே ஆளுக்குள் இருந்தன. ஒன்றையொன்று கேள்வி கேட்டதே இல்லை.

நிலம் இல்லாதவர்களின் சொல்

அன்று என் குரலை நிறுத்திய வசனத்தை அதன்பின் பல நாள் திரும்பத் திரும்ப வாசித்தேன். அந்தச் சங்கீதத்தின் தலைப்பில் ஆசாபின் பெயர் இருக்கிறது. ஆசாப் யார் என்று தேடிப் போனபோதுதான் எனக்கு ஒரு கதவு திறந்தது. அவர் தாவீது ராஜா ஏற்படுத்திய பாடகர், லேவி கோத்திரத்தார். கானான் தேசத்தை யோசுவா கோத்திரங்களுக்குப் பிரித்துக் கொடுத்தபோது லேவியருக்கு மட்டும் நிலம் கிடைக்கவில்லை. மற்றக் கோத்திரங்களின் எல்லைக்குள் சிதறலாக 48 பட்டணங்களும் அவற்றைச் சுற்றிய மேய்ச்சல் வெளிகளும் கிடைத்தன. 'இது எங்கள் நாடு' என்று காட்டுவதற்கு எல்லை போட்ட பகுதி ஒன்றும் இல்லை. அதற்குக் காரணமாக எண்ணாகமம் 18ஆம் அதிகாரத்தில் லேவி கோத்திரத்து ஆசாரியனான ஆரோனிடம் தேவன் சொல்வது இதுதான்: இஸ்ரவேல் புத்திரர் நடுவில் நானே உன் பங்கும் உன் சுதந்தரமும்.

அதாவது 'தேவன் என் பங்கு' என்பது எல்லாம் நிறைவாக இருக்கிற ஒருவர் நன்றி பொங்கிப் பாடிய அலங்கார வரி இல்லை. நிலம் அளந்து கொடுக்கப்பட்ட நாளில் கையில் ஒன்றும் வாங்காமல் திரும்பிய கோத்திரத்தின் சொல் அது. இன்னும் பின்னால் போனால், லேவிக்கு நிலம் இல்லாமல் போனதன் ஆரம்பமே ஒரு சாபம். சீகேம் ஊரில் தம் மகன் சிமியோனும், இந்தக் கோத்திரத்தின் தகப்பனான இன்னொரு மகன் லேவியும் செய்த கொலைக்காக, மரணப்படுக்கையில் யாக்கோபு, இவர்களை இஸ்ரவேலில் சிதறப்பண்ணுவேன் என்கிறார். அந்தச் சிதறலையே எடுத்து, அதற்குள் தம்மையே பங்காக வைத்தார் தேவன். எனக்கு இந்த இடத்தைத் தாண்டிப் போகவே மனமில்லாமல் இருந்தது.

ஆசாப் பாடுவதும் சமாதானத்தில் தொடங்கும் பாட்டில்லை. துன்மார்க்கரின் வாழ்வைப் பார்த்துப் பொறாமை கொண்டேன், என் அடிகள் சறுக்கப் பார்த்தன என்று வெளிப்படையாகச் சொல்கிறார். பக்கத்து நிலத்தை அவரும் கண்ணால் அளந்திருக்கிறார் என்றே எனக்குப் பட்டது. "உமக்கு முன்பாக மிருகம் போலிருந்தேன்" என்று ஒப்புக்கொண்ட அடுத்த மூச்சில் சொல்கிறார்: "ஆனாலும் நான் எப்பொழுதும் உம்மோடிருக்கிறேன், என் வலதுகையைப் பிடித்துத் தாங்குகிறீர்." பொறாமை தீர்ந்த பிறகு பிடித்த கை இல்லை இது. பொறாமையோடு இருந்த நேரம் முழுக்கப் பிடித்திருந்த கை.

பல நூற்றாண்டுகள் கழித்து, கி.மு. 586 வாக்கில் எருசலேம் விழுகிறது. ஆலயம் எரிகிறது, ஜனங்கள் நாடு கடத்தப்படுகிறார்கள். அந்தச் சாம்பலின் நடுவே புலம்பலின் மூன்றாம் அதிகாரம் சொல்கிறது: "கர்த்தர் என் பங்கு என்று என் ஆத்துமா சொல்லும்." நிலம் வைத்திருந்த கோத்திரங்கள் எல்லாம் நிலத்தை இழந்த நாளில், நிலமே இல்லாதிருந்த கோத்திரத்தின் பழைய சொல்தான் மிச்சம் இருந்தது. என் பயத்தின் கேள்விகள் அனைத்தும் 'போய்விட்டால் என்ன செய்வேன்' என்றுதான் முடியும். இந்தச் சொல் எல்லாம் போன இடத்தில் சொல்லப்பட்டிருக்கிறது என்பது எனக்குப் பெரிய விஷயமாக இருந்தது.

கூட்டத்தில் ஒருவன்

லூக்கா 12ஆம் அதிகாரத்தில் வரும் ஐசுவரியவானின் உவமையைச் சிறுவயதிலிருந்து எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். களஞ்சியங்களை இடித்துப் பெரிதாகக் கட்டத் திட்டமிட்டவனிடம், இந்த இராத்திரியே உன் ஆத்துமா எடுத்துக்கொள்ளப்படும் என்று சொல்லப்படுகிற கதை. அந்தக் கதை எதனால் சொல்லப்பட்டது என்பதை மட்டும் நான் கவனித்ததே இல்லை. கூட்டத்திலிருந்து ஒருவன் இயேசுவிடம் கேட்கிறான்: போதகரே, ஆஸ்தியைப் பாகம்பிரித்து என்னோடே பங்கிடும்படி என் சகோதரனுக்குக் கட்டளையிடும். என் வாயில் இருந்த அதே வாக்கியம். அவன் தம்பியாகத்தான் இருந்திருப்பான் என்று எனக்குத் தோன்றுகிறது. மோசேயின் சட்டத்தில் மூத்தவனுக்கு இரட்டிப்பான பங்கு.

இயேசுவின் பதில் முதலில் எனக்குக் கடுமையாகத்தான் பட்டது. "மனுஷனே, என்னை உங்களுக்கு நியாயாதிபதியாகவும் பங்கிடுகிறவனாகவும் வைத்தவன் யார்?" பிறகு, "ஒருவனுக்கு எவ்வளவு திரளான ஆஸ்தி இருந்தாலும் அது அவனுக்கு ஜீவன் அல்ல." பங்கு கிடைக்காதவன் வந்து நிற்கிறான், அவனுக்கு ஏன் தேவைக்கு மேல் வைத்திருந்தவனின் கதை? நாள் கணக்கில் யோசித்தபின்தான் புரிந்தது. ஒருவனிடம் இல்லை, மற்றவனிடம் நிறைய இருக்கிறது; ஆனால் இரண்டு பேரும் நம்புவது ஒன்றையேதான். சேர்த்து வைத்தது போதுமான அளவை எட்டிவிட்டால் ஆத்துமாவைப் பார்த்து 'இனி இளைப்பாறு' என்று சொல்லிவிடலாம் என்ற நம்பிக்கை. கூட்டத்தில் நின்றவன் கேட்ட பங்கு கிடைத்திருந்தால், நாளைக்கு அவனும் களஞ்சியத்தை இடித்துக்கொண்டு நின்றிருப்பான். நானும்தான். முன்பகுதி எனக்கே வந்திருந்தாலும் என் இராத்திரிக் கேள்விகள் நின்றிருக்காது. பக்கத்து மனையைப் பார்த்திருப்பேன்.

இரண்டு அதிகாரம் முன்னால் அதே லூக்காவில், இயேசுவின் காலடியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்த, மார்த்தாளின் சகோதரி மரியாளைப் பற்றி ஒரு வரி: "தன்னைவிட்டெடுபடாத நல்ல பங்கைத் தெரிந்துகொண்டாள்." மூலமொழியான கிரேக்கத்தில் இங்கே பங்குக்கு வருகிற சொல் 'மெரிஸ்'. 73ஆம் சங்கீதத்தின் பழைய கிரேக்க மொழிபெயர்ப்பிலும் அதே சொல்தான். நான் பங்கிடுகிறவனா என்று இயேசு கேட்கும் இடத்தில் வருவது அதன் கிளைச்சொல். சொத்தைப் பிரித்துத் தர மறுத்தவர், தம் காலடியில் உட்கார்ந்தவளுக்குக் கிடைத்ததைப் பங்கு என்று அழைக்கிறார். அது எடுபடாதது என்கிறார். எடுபடாதது. நான் இத்தனை வருடம் பாதுகாப்பு என்று தேடியதற்கு இதைவிடச் சரியான சொல் எங்கே கிடைக்கும்? நிலம் எடுபடும், வேலை எடுபடும், உடம்பும் எடுபடும். அப்பாவிடமிருந்து எல்லாம் ஒவ்வொன்றாக எடுபட்டதைக் கூட இருந்து பார்த்தவன் நான். கடைசி வாரங்களில் அவருக்கு எங்கள் பெயர்கள்கூடத் தவறின. ஆனால் யாராவது இந்தச் சங்கீதத்தைத் தொடங்கினால் உதடு அசையும்.

அக்கா சொன்னது

அந்த ஜெபநாளில் இன்னொன்றும் நடந்தது. அதைச் சொல்லாமல் இதுவரை தள்ளிக்கொண்டே வந்துவிட்டேன். எல்லோரும் கிளம்பிய பிறகு வாசலில் அக்காவும் நானும் மட்டும் நின்றிருந்தோம். வழக்கமான என் புலம்பலை ஆரம்பித்தேன். அண்ணன் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டார், எனக்கு வந்தது ஒரு மூலை என்றேன். அவள் செருப்பை மாட்டிக்கொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னாள்: "உனக்கு மூலையாவது வந்துச்சுல்லடா." உடனே வேறு பேச்சுக்குத் தாவிவிட்டாள். நானும் தாவிவிட்டேன்.

அக்காவுக்கு ஒன்றுமே வரவில்லை. பிரிக்கும்போது அவள் தனக்கு வேண்டாம் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள். வேண்டாம் என்று அவள் சொல்வதற்குமுன் 'உனக்கு வேண்டுமா' என்று யாரும் கேட்டதாக எனக்கு நினைவில்லை. கையெழுத்துப் போட வேண்டிய இடத்தை விரலால் தொட்டுக் காட்டியவன் நான். மூன்று வருடமாக அண்ணன் என் பங்கில் குறைத்துவிட்டார் என்று கணக்குப் போட்டவனுக்கு, தன் கையில் இருப்பதில் ஒரு பகுதி அக்காவுடையது என்று ஒரு இரவுகூடத் தோன்றவில்லை. பயம் என்னை அவ்வளவு குருடாக்கியிருந்தது. என்னைப் பார்த்து யாராவது 'நீ அநியாயம் செய்தாய்' என்று சொல்லியிருந்தால் சண்டைக்குப் போயிருப்பேன். அவள் சொன்னது அப்படியில்லாததால் தப்பிக்க வழியில்லாமல் போனது. வேலை செய்யும்போது, பேருந்தில் நிற்கும்போது, ஜெபிக்க முழங்கால் போடும்போது அந்த ஒரு வாக்கியம் வந்துவிடும்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இது எனக்குக் கோபம் வருகிற இடம். 'கர்த்தர் உன் பங்கு' என்ற வசனத்தை எடுத்து, உரிமையைக் கேட்பவர்களின் வாயை அடைக்கிற பழக்கம் விசுவாசிகளிடையே இருக்கிறது. பெரும்பாலும் பெண்களிடம்தான் அது நீளும். வேதம் அப்படிப் பேசவில்லை. எண்ணாகமம் 27ல் செலொப்பியாத்தின் ஐந்து மகள்கள் மோசேக்கு முன்னால் வந்து, எங்கள் தகப்பனுக்கு மகன் இல்லை, நிலத்தை எங்களுக்குக் கொடுங்கள் என்று எல்லோர் முன்னிலையிலும் கேட்கிறார்கள். அவர்கள் பேசுவது சரிதான் என்று தேவனே சொல்கிறார். நானே உன் பங்கு என்ற வாக்கு வரும் அதே புத்தகம்தான் இது. லேவியர் விஷயத்திலும் அப்படியே. அவர்களுக்குச் சேரவேண்டிய தசமபாகத்தை ஜனங்கள் கொடுக்காமல் விட்டபோது, அவர்கள் ஊழியத்தை விட்டுப் பிழைப்புக்காக வயல்களுக்கு ஓடிப்போனார்கள் என்று நெகேமியா 13ல் இருக்கிறது. தேவனே உங்கள் பங்கு, ஏன் ஓடினீர்கள் என்று நெகேமியா அவர்களைக் கேட்கவில்லை. கொடுக்காமல் விடப்பட்டதற்காகத் தலைவர்களைக் கடிந்துகொண்டார். அந்த வசனத்தை நான் என்னைப் பார்த்துச் சொல்லிக்கொள்ளலாம். அக்காவைப் பார்த்துச் சொல்ல எனக்கு அருகதை இல்லை.

சரி, என்ன செய்ய வேண்டும் என்பது தெளிவாகிவிட்டது. வீடு மூன்று பேருக்கும் சமம் என்று வைத்தால், என்னிடம் இருப்பதில் மூன்றில் ஒன்று அக்காவுடையது. முடிவு எடுத்த அன்று இரவுதான் பழைய பயம் முழுப் பலத்தோடு திரும்பி வந்தது. ஏற்கெனவே குறைந்தது, இதிலும் குறைந்தால் என்ன மிஞ்சும்? பிள்ளைகளுக்கு என்ன வைப்பாய்? எழுந்து உட்கார்ந்து ஜெபிக்கப் பார்த்தேன். வார்த்தை வரவில்லை. ஆசாபின் வரியை மட்டும் சொல்லிக்கொண்டிருந்தேன்: ஆனாலும் நான் எப்பொழுதும் உம்மோடிருக்கிறேன். எத்தனை முறை என்று தெரியாது. தரிசனம் எதுவும் வரவில்லை, குரல் எதுவும் கேட்கவில்லை. ஆனால் ஏதோ ஒரு நேரத்தில் உபாகமத்தின் 32ஆம் அதிகாரத்து வசனம் ஒன்று நினைவுக்கு வந்தது: "கர்த்தருடைய ஜனமே அவருடைய பங்கு." பலமுறை வாசித்திருந்தும் அதை என் பக்கமாகத் திருப்பி வாசித்ததில்லை. அவர் எனக்குப் பங்கு என்பதை நான் எவ்வளவு இறுக்கிப் பிடித்திருக்கிறேன் என்று என்னையே சோதித்துக்கொண்டிருந்தேன். பிடி தளர்ந்தால் பாதுகாப்பும் போய்விடும் என்பதுபோல. அவர் என்னைத் தம்முடைய பங்கு என்று எழுதி வைத்திருக்கிறார் என்றால், என் பிடியின் பலத்தில் எதுவும் இல்லை. தம் பங்கை விட்டுக்கொடுக்காதவர் அவர். அதை வாங்கத் தம் குமாரனைக் கொடுத்தவர்.

அதன்பின் தூங்கினேனா என்று கேட்டால், தூங்கினேன். விடியும்போது பயம் முழுதாகப் போயிருக்கவில்லை. இப்போதும் சில இரவுகளில் வரும். ஆனால் அது கேட்கும் கேள்விக்கு மனையை நோக்கிக் கை போவதில்லை. திருப்தி என்பதை நான் எல்லாம் நிரம்பிய பாத்திரம்போல நினைத்திருந்தேன். எனக்குக் கிடைத்தது வேறு மாதிரி. கணக்குப் போடாமலேயே ஒரு வாரம் கடந்துவிட்டதை, வாரம் முடிந்தபின்தான் கவனித்தேன். அண்ணன் வீட்டு வாசலில் நின்று அவரோடு பேசிவிட்டுத் திரும்பும்போது, அவருடைய முழங்கால் வலியைப் பற்றிக் கேட்க எனக்குத் தோன்றியிருந்தது. அந்தச் சுவர் அன்று கண்ணில் படவே இல்லை.

அண்ணனிடம் நான் செய்யப்போவதைச் சொன்னேன். அவர் தரப்பில் என்ன செய்ய வேண்டும் என்று சொல்லவில்லை. என்னைப் பங்கிடுகிறவனாக யாரும் வைக்கவில்லை. அவர் சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அவ கேட்டாளா?" என்றார். இல்லை என்றேன். அவ்வளவுதான்.

அக்காவிடம் போய்ச் சொன்னபோது அவள் வேண்டாம் என்றுதான் முதலில் சொன்னாள், பழைய குரலிலேயே. "அக்கா, அன்னைக்கு உன்கிட்ட கேக்காமலே கையெழுத்து வாங்கிட்டேன். இன்னைக்குக் கேக்கறேன். வேணுமா?" என்றேன். அவள் உட்கார்ந்துவிட்டாள். அழ ஆரம்பித்தாள். எனக்கு ஒன்றும் புரியாமல் நின்றுகொண்டிருந்தேன். கொஞ்சம் கழித்துச் சொன்னாள்: "கேட்டிருந்தா நீங்க ரெண்டு பேரும் குடுத்திருப்பீங்கன்னு எனக்குத் தெரியும்டா. அப்புறம் நான் வரும்போது உங்க முகம் எப்படி இருக்குமோன்னுதான் பயம். வீடு போனாப் போகட்டும், நீங்களாவது வேணும்னு நினைச்சேன்." அவளுக்கும் ஒரு பயம் இருந்திருக்கிறது. எடுபட்டுவிடும் என்று அவள் பயந்தது எங்களை.

பத்திரம் எழுதி முடித்து, மூவருமாக ஒருநாள் இடத்தைப் பார்க்கப் போனோம். அண்ணனும் வந்தார், யாரும் அழைக்காமல். அளவு நாடாவின் ஒரு முனையை அவர் பிடித்துக்கொள்ள, மறுமுனையை நான் இழுத்துக்கொண்டு போனேன். அக்கா ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அப்பா வைத்த மரம் அவள் பக்கம் வந்தது. "மழை பேஞ்சா அந்த மூலைல தண்ணி நிக்கும்," என்றாள். "கொஞ்சம் மண்ணு கொட்டணும்."